ஒட்டுப்படக் கோட்டைச்சாமி

"மூச்ச இழுங்க. இழுத்தாச்சா? அப்படியே நிப்பாட்டுங்க. விட்டுறாதீக, விட்டுறாதீக... அந்தா போச்சு! விட்டுட்டீகளே ஆச்சி!"

கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து வரும் இந்தக் குரல் காரைக்குடியில் பாதி வீடுகளுக்குப் பழக்கம். குரலுக்குரியவரின் வலது கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். எண்ணுகிறாராம். வாயால் எண்ணினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து எண்ணி உதட்டை அசைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று காலுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்.

போட்டோக் கோட்டைச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறப்பால் தச்சர். நிலையும் கதவும் செதுக்கிய குடும்பத்தில், இவர் மட்டும் சென்னைக்கு ஒரு தேர்வேலைக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரனின் காமிராவைக் கண்டு மயங்கிவிட்டார். லென்ஸ் என்கிற கண்ணாடிச் சில்லை மட்டும் விலைக்கு வாங்கிவந்து, பெட்டியையும் முக்காலியையும் தேக்கில் தாமே செய்துகொண்டார். ஊருக்குள் செக்காலைப் பகுதியில் ஓட்டுக் கொட்டகை. கூரையின் வடபுறம் இரண்டு வரிசை ஓட்டைப் பிரித்து வெளிச்சத்துக்காகக் கண்ணாடி பதித்திருக்கிறார். தச்சுப்புத்தி இன்னும் போகவில்லை. படம் பிடிக்க வந்தவர் எத்தனை பெரிய மனிதரானாலும் முகத்துக்கு நேரே முழக்கோலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "எடது கண்ணு அரைக்கால் அங்குலம் எறக்கமா இருக்கு. கொஞ்சம் இங்குட்டுச் சாயுங்க, மட்டம் பண்ணிருவோம்" என்பார். என்னையும் இப்படி மட்டம் பார்த்திருக்கிறார். என் மூக்கு வளைந்திருக்கிறது என்று எனக்கு நாற்பது வயதில் சொன்னவர் அவர்தான்.

ஊரில் அவருக்குப் பெயர் போட்டோக்காரர் இல்லை, ஒட்டுப்படக்காரர். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிக்கப் போனால் திரும்ப மூன்று வருஷம், சில சமயம் ஆறு வருஷம். மனைவி ஆச்சி இங்கே, அவர் அங்கே. ஆனால் முகப்பில் மாட்டுகிற படத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தாக வேண்டும். என்ன செய்வது? அங்கே அவர் தனியாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புவார். இங்கே கோட்டைச்சாமி ஆச்சியை உட்காரவைத்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு எடுப்பார். பிறகு செட்டியாரை நறுக்கி, பசை தடவி அந்த இடத்தில் நிறுத்தி, ஓரங்களைத் தூரிகையால் தடவி மறைத்து, அந்த ஒட்டுவேலையை மறுபடியும் படம் பிடித்துப் புதிதாகக் கண்ணாடித் தட்டு ஒன்று எடுத்துவிடுவார். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். செத்துப்போன தகப்பனின் மடியில் பிறகு பிறந்த பிள்ளையைக்கூட உட்கார வைத்திருக்கிறார். இதைப் பொய் என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டார்கள்.

மனிதருக்குக் கர்வம் ஒன்றே ஒன்று. "மதுரக்காரன் ஒட்டுனா ஆளு அந்தரத்துல நிப்பான். நம்ம ஒட்டுனா நெழலோட நிப்பான்." உண்மைதான். நறுக்கி நிறுத்தியவரின் காலடியில் வெளிச்சத்துக்குத் தோதாக ஒரு நிழல் எழுதிவிடுவார். அந்த நிழலை எழுத மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். அந்த நிழல்தான் பின்னால் அவர் குடியைக் கெடுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம், சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் நிறைந்ததை நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். எங்கள் ஊரில் கொண்டாடியவர் ஒரு பெரிய செட்டியார். பெயரைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் வைத்து நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போது இல்லை, வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதில் வீரம் என்று ஒன்றும் இல்லை, வாசகர்கள் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற ஊர்களில் யானையும் பாண்டும் என்றால் இங்கே ஏரோப்ளேன் வந்தது. யாரைப் பிடித்து எப்படிச் சம்மதிக்க வைத்தார்களோ, பட்டாளத்து விமானம் ஒன்று பொட்டலுக்கு மேலே பறந்து வந்து பூத் தூவும் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மூவாயிரம் பேர் வந்தார்கள். பொட்டல் நடுவே மூங்கிலால் பெரிய வளைவு; அதன் உச்சியில் ஜிகினாக் காகிதம் ஒட்டிய கிரீடம். கோட்டைச்சாமிக்கு வளைவுக்கு நேரே இடம் கொடுத்திருந்தார்கள். அவருக்குப் பத்தடி தள்ளிப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டு நான் நின்றேன்.

பத்தரை மணிக்கு விமானம் வந்தது. முதல் சுற்றில் உயரமாகத்தான் போனது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கைதட்டினோம். அது திரும்பி வருவதற்குள் செட்டியாரின் காரியஸ்தர் இராமநாதன் அண்ணாந்து பார்த்தார். கிரீடம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பந்தல்காரன் மலையாண்டியைக் கூப்பிட்டு, "ஏலே, கிரீடம் கோணிக்கிட்டு நிக்குது, ஏறு" என்றார். "அது திரும்பி வருமே சாமி" என்றான் மலையாண்டி. "ஒந் தலையிலயா வந்து ஒக்காரப் போகுது? ஏறு!" இது என் காதில் விழுந்தது.

மலையாண்டி அமராவதிபுதூர்க்காரன். முப்பது வயது, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அவன் உச்சிக்குப் போய்க் கிரீடத்தைப் பிடித்தபோது இரண்டாவது சுற்று வந்தது. ஓட்டுகிறவன் பூத் தூவ வேண்டும் என்று தாழ வந்தானோ, வெள்ளைக்காரத் துரைகள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு மரியாதை காட்ட வந்தானோ, யார் கண்டது. வளைவுக்கு நேரே, பனைமர உயரம்கூட இல்லாமல் எங்களைப் பார்த்து வந்தது. அந்தச் சத்தத்தில் என் பிள்ளைகள் தரையில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். மாடுகள் நுகத்தை அறுத்துக்கொண்டு ஓடின. கோட்டைச்சாமி மட்டும் நின்றார். கிரீடத்துக்குச் சில்லைத் திட்டம் பண்ணி, தட்டைச் செருகி, ரப்பர்க் குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயத்தமாக இருந்தவர், அமுக்கிவிட்டார்.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விரித்த இறக்கைகள் படத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிற்கின்றன. சக்கரங்கள் கிரீடத்தை உரசிவிடும் போல இருக்கின்றன. ஓட்டுகிறவனின் கண்ணாடி, கன்னத்து வார்கூடத் தெரிகிறது. கீழே தலையைக் கையால் மூடிக்கொண்ட ஜனங்கள் எல்லாம் கலங்கலாக. அவர்கள் மேலே விமானத்தின் நிழல். வளைவுக்கு வலது புறம், ஆகாயத்தில் மலையாண்டி. பிடி நழுவிய அந்தக் கணம்; ஒரு கையில் இன்னும் கிரீடத்துக் கயிற்றின் நுனி. வாய் திறந்திருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். "குடிபோதையில் ஏறியவன் கால் தவறி விழுந்தான், விமானம் ஐந்நூறு அடிக்குக் கீழே வரவில்லை" என்று காரியஸ்தர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். மலையாண்டியின் பெண்டாட்டி சோணையம்மாள் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். "குடிச்சிட்டு விழுந்தான்னு எழுதிட்டாகளே. எம் பிள்ளைகளக் குடிகாரன் பெத்ததுன்னுல்ல சொல்றாக. நீங்க பாத்தீகள்ல? பாத்தத வந்து சொல்லுங்க." மூவாயிரம் பேர் பார்த்தோம். ஒருவர் செட்டியாரின் நிலத்தில் உழுகிறவர், இன்னொருவர் அவருடைய வீட்டில் கதவு செதுக்குகிறவர், நான் அவருடைய பள்ளிக்கூடத்தில் பெருக்கலும் வகுத்தலும் சொல்லிக் கொடுக்கிறவன். அன்றைக்குப் பொட்டலில் எல்லோருக்கும் கண் அவிந்து போயிருந்தது.

கோட்டைச்சாமி அவளைத் தேடிக்கொண்டு தாமே போனார். "நீ எவனையும் கெஞ்சாத தாயி. எங்கிட்டப் படம் இருக்கு. இதுக்கு மேல என்ன சாச்சி வேணும்?" என்றார். அந்த மனிதரை அவ்வளவு சந்தோஷமாக நான் முன்பு பார்த்ததில்லை. ஆயுசு முழுக்க இல்லாத ஆளை இருக்கிற மாதிரி காட்டியவருக்கு, முதன்முதலாக நடந்ததை நடந்தபடியே காட்டக் கிடைத்திருந்தது.

அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் சாவு விசாரணை. எங்கிருந்தோ ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார். வராந்தா கொள்ளாமல் கூட்டம். படத்தைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது காரியஸ்தர் துணியில் சுற்றிக் கொண்டுவந்த வேறொரு படத்தை மேஜைமேல் வைத்தார். செட்டியாரின் தம்பி மனைவி கண்ணம்மை ஆச்சி, பக்கத்தில் அவளுடைய கணவர்.

"இதுவும் நீர் எடுத்ததுதானா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க எசமான்."

"ஆச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறவர், இதை எடுத்த அன்றைக்கு எங்கே இருந்தார்?"

கோட்டைச்சாமிக்குப் பொய் சொல்ல வராது. படத்தில்தான் வரும். "ரெங்கோன்ல இருந்தாக" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் அப்பாவியாகத் தாமும் ஒரு தடவை சிரித்துவிட்டு, "அது வேற எசமான், இது வேற. நெழலப் பாருங்க, சனங்க தலைமேல எப்படி விழுந்து கெடக்கு" என்றார்.

அதிகாரி ஆச்சியின் படத்தைத் திருப்பிக் காட்டினார். "ரங்கூனில் இருந்தவருக்கும்தான் நிழல் விழுகிறது. இது ஏது?"

"அது... நான் எழுதுனது."

"அப்போது இது?"

"இது விழுந்தது எசமான்! அது நான் எழுதுன நெழலு, இது தானா விழுந்த நெழலு!"

மறுபடியும் சிரிப்பு. ஜனங்களெல்லாம் கலங்கியிருக்க, அவ்வளவு வேகத்தில் வந்த விமானம் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேட்டார் அதிகாரி. "குறுக்க ஓடுறதுதாங்க கலங்கும். நேர எதிர்க்க வாரது கலங்காது" என்றார் கோட்டைச்சாமி. அது உண்மை. ஆனால் படம் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது உண்மை. கடைசியில் மடியிலிருந்து பெரிய பொட்டலத்தைப் பிரித்து, மூலக் கண்ணாடித் தட்டையே எடுத்துக் கொடுத்தார். ஒரு கீறல், ஒரு பசைத் தடம் இல்லை. "ஒட்டுப் படத்துக்கும் முடிவில் இப்படி ஒரு கண்ணாடி உண்டா?" என்றார் அதிகாரி. இவர் தலையைக் குனிந்துகொண்டு, "உண்டுங்க" என்றார்.

"சரி, விமானம் இவ்வளவு தாழ வந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?"

கோட்டைச்சாமி திரும்பி வராந்தாவைப் பார்த்தார். வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்து என் முகத்தில் நிறுத்தினார். நான் என் குடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"கூலிக்குப் படம் ஒட்டுகிறவன் கொண்டுவந்த ஒட்டுப் படம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மலையாண்டி குடிகாரன் என்பது அதோடு சர்க்கார் கச்சேரிக் காகிதத்தில் ஊர்ஜிதமாகிவிட்டது. தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். காகிதப் பிரதியை வைத்துக்கொண்டார்கள்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்துச் செட்டியார் விழா மலர் ஒன்று அச்சிட முனைந்தார். விமானத்தின் படம் இல்லாமல் விழா மலரா? விழாவுக்கென்று வெளியூரிலிருந்து கொண்டுவந்த போட்டோக்காரர்கள் எடுத்ததிலெல்லாம் விமானம் கொசுவைப் போல இருந்தது. காரியஸ்தர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் செக்காலைக்கு வந்தார். "அந்தப் படத்தையே குடும். விழுகுறவன மட்டும் எடுத்துட்டு" என்றார். "அவன எடுக்கணும்னா நீங்க ஏத்தாம இருந்திருக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் கோட்டைச்சாமி. கச்சேரியிலிருந்த பிரதி எப்படி வெளியே வந்ததோ தெரியாது. வேறு ஊரில் யாரோ ஒருவர் மலையாண்டி இருந்த இடத்தில் ஒரு தென்னங்கீற்றை வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படம் மலரின் முதல் பக்கத்தில் வந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசகசாலையில், சத்திரத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மாட்டினார்கள். அதன் முன்னால் நிற்காதவர் இல்லை. "ஏ அப்பா! தலையத் தொடுற மாதிரியில்ல வந்திருக்கு!" என்று வியக்காதவரும் இல்லை. ஐந்நூறு அடிக்குக் கீழே வரவில்லை என்று எழுதிக் கொடுத்த அதே காரியஸ்தர், விருந்தாளிகளை அழைத்துவந்து, "பாருங்க, சக்கரம் கிரீடத்த ஒரசுது" என்று விரலை வைத்துக் காட்டுவார். மெய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒட்டுப் படம் என்று சிரித்த ஊர், ஒட்டி முடித்துக் கொடுத்ததும் மெய் என்று கும்பிட்டது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வந்தபோது அந்தப் படத்தை விளக்கிச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

கோட்டைச்சாமி ஒருநாள் பள்ளிக்கு வந்து அதைப் பார்த்தார். முழக்கோலை நீட்டி ஒரு கண்ணை மூடினார். கத்துவார், உடைப்பார் என்று பயந்தேன். "வேல சுத்தமில்ல வாத்தியாரய்யா" என்றார். "கீத்துக்கு நெழல் வைக்காம விட்டுட்டான்."

அன்றிலிருந்து அவர் ஒட்டுவதில்லை. ஆச்சிமார் ஆள்விட்டுக் கேட்கிறார்கள். "அவுக வந்தப்பறம் ரெண்டு பேருமா வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தொழில் பாதியாகிவிட்டது. வருகிற ஒன்றிரண்டு பேரையும் படம் பிடிக்குமுன் அந்தக் கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இது ஒட்டுனதா, சொல்லுங்க, ஒட்டுனதா?" என்று கேட்டு நச்சரிக்கிறார். பாதிப் பேர் அதற்குப் பயந்தே வருவதில்லை. ஜில்லா கலெக்டருக்கு ஒரு மனு எழுதிவைத்திருந்தார். கண்ணால் கண்ட சாட்சி என்று என் கையெழுத்து வேண்டும். "ஒங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்பப் போடுங்க" என்பார். திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று நான் ஒரு வருஷத்துக்கு மேல் சொன்னேன்.

போன தை மாதம் ஊரைவிட்டு வரும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். இனி என்ன பயம், கையெழுத்தையும் போட்டுவிடலாம் என்றுதான் போனேன். கொட்டகையில் சோணையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து, "வாத்தியாரய்யாவும் வந்துட்டாக. பேனாவ எடுங்க. இந்தா தாயி, இன்னைக்கே தபால்ல போட்டுருவோம்" என்று பரபரத்தார்.

அவள் மனுவைப் பார்க்கவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்ணே. நாள் கெழமைன்னா அவுகளுக்குப் படைக்கிறேன். மாலை போட மொகம் இல்ல. வெறுஞ் செவுத்துக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். அவுக படம்னு உள்ளது ஒங்ககிட்ட ஒண்ணுதானே. மொகத்த மட்டும் பெருசாக்கிக் குடுங்க" என்றாள்.

"அதுக்கென்ன, இன்னைக்கே" என்றவர், முகத்தை மட்டும் பெரிதாக்கிப் புதுத் தட்டில் எடுத்து, சாயங்காலம் ஈரம் காய்ந்ததும் ஒரு பிரதி போட்டு அவள் கையில் கொடுத்தார். நானும் பேனாவை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்துவிட்டாள்.

"வாய் தொறந்திருக்கேண்ணே. கத்துற மாதிரி இருக்கு. பிள்ளைக இதப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு திங்கும்? மூடிக் குடுங்க."

கோட்டைச்சாமி அந்தப் பிரதியைக் கையில் எடுத்தார். "நான் இப்ப எதையும் தொடுறதில்ல தாயி. நடந்தது நடந்தபடி இருக்கிறது இது ஒண்ணுதான். இதத் தொட்டா இதுவும் பொய்யாப் போயிரும்."

"மெய்யா இருந்து என்னத்தக் கண்டோம்?" என்றாள் சோணையம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு அவர் மனுவை நாற்காலியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தார். புதுத் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து வைத்தார். தட்டில் தீட்டித் திருத்துகிற பென்சிலை ஊசியாகச் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு, மலையாண்டியின் வாயை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூட ஆரம்பித்தார்.